இணைப்பில் நின்றவர்

பேய் பிசாசெல்லாம் மின்சாரம் ஒழுங்காக வராத இடங்களில்தான் குடியிருக்கும் என்று சொல்லித் திரிந்தவன் நான். யாராவது, தானாக விளக்கு எரிந்தது, ஆளில்லாத அறையில் சத்தம் கேட்டது என்று தொடங்கினால் முழுதாகக் கேட்கக்கூட மாட்டேன். "வயரைப் பாத்தனியளோ? எங்கையாவது லூசா இருந்திருக்கும்" என்று சொல்லி அவர்களின் வாயை அடைத்துவிடுவேன். அப்படி எத்தனையோ பேரின் கதையைப் பாதியில் கெடுத்திருக்கிறேன். ஆகவே இப்போது நான் சொல்லப்போவதை நீங்கள் நம்பவேண்டும் என்று கேட்க எனக்கு உரிமை இல்லை. உங்கள் இடத்தில் நான் இருந்தால் நானும் வயரைப் பார்த்தாயா என்றுதான் கேட்பேன். பார்த்தேன். அதை முதலிலேயே சொல்லிவைக்கிறேன், ஒவ்வொரு வயரையும் பார்த்தேன்.

என் பெயர் ரவி. பாரிஸ் புறநகரான லா கூர்னெவில் ஒரு களஞ்சியத்தில் மின்சாரப் பராமரிப்பு வேலை. செவ்வாய்க்கிழமை எனக்கு ஓய்வு நாள். அந்த நாளிலும் ஞாயிற்றுக்கிழமைகளிலும் கார்களுக்கு ரேடியோ, பின்பக்கக் கமரா, ஸ்பீக்கர் இப்படியான சாமான்கள் பூட்டிக் கொடுப்பேன். கடை கிடை ஒன்றும் இல்லை, கருவிப்பையைத் தூக்கிக்கொண்டு கார் நிற்கிற இடத்துக்கு நானே போவேன். பாரிசில் எங்கள் ஆட்களின் கடைத்தெருவான லா சப்பலில் போன் கடை வைத்திருக்கும் நண்பர் ஒருவர் ஆட்களுக்கு என் நம்பரைக் கொடுப்பார். புவனா அக்காவும் அப்படித்தான் வந்தார்.

புவனா அக்காவுக்கு அப்போது ஐம்பத்தைந்து வயதிருக்கும். புறநகர் சார்செலில் வீடு, லா சப்பலில் ஒரு புடவைக் கடையில் வேலை. எனக்கு முன்பே முகம் தெரியும், பேசிப் பழக்கமில்லை. அவர் போனில் சொன்னது இவ்வளவுதான்: "தம்பி, காருக்கு ஒரு றேடியோ பூட்டவேணும். சாமான் என்னட்டை இருக்கு. நீங்கள் வந்து பூட்டிவிட்டாச் சரி."

மாசி மாதம், செவ்வாய்க்கிழமை, காலை பத்தரை மணி. இதைக் கேட்கிறவர்கள் எல்லாரும் இரவா என்று கேட்கிறார்கள். இல்லை, பட்டப்பகல். மழை மட்டும் கொட்டிக்கொண்டிருந்தது. தெருவில் வைத்து வேலை செய்ய முடியாது, அதனால் புடவைக் கடை முதலாளி மாத வாடகைக்கு எடுத்து வைத்திருக்கும் நிலக்கீழ் பார்க்கிங்குக்குள் காரை இறக்கினோம். கீழ்மூன்றாம் தளம். உங்களில் அந்தப் பக்கம் கார் விட்டவர்களுக்குத் தெரியும், கீழே இரண்டாம் தளத்திலேயே போனில் சிக்னல் ஒரு கோடும் இருக்காது. மூன்றாம் தளத்தில் கேட்கவே வேண்டாம். கொங்கிறீட், குழாய்கள், மஞ்சள் வெளிச்சம், ஈரத்தின் மணம். எங்களைத் தவிர ஒருவரும் இல்லை. ஏழெட்டுக் கார் அங்கொன்றும் இங்கொன்றுமாக நின்றன.

அக்கா பின் இருக்கையிலிருந்து காலணி வாங்கிய ஒரு சப்பாத்துப் பெட்டியை எடுத்துத் தந்தார். திறந்து பார்த்தால், உள்ளே உள்ளங்கை அளவு ஒரு ரேடியோ, அதை மாட்டி வைக்கிற தொட்டில், வயர்கள், அடியில் காந்தம் வைத்த வட்ட அன்ரெனா. பாவித்த சாமான். மூலையில் நகமளவு பிள்ளையார் படம் ஒட்டியிருந்தது. நான் கையில் எடுத்துத் திருப்பிப் பார்த்தேன், பார்த்தவுடனே விளங்கிவிட்டது.

"அக்கா, இது கனடாச் சாமானெல்லோ?"

"ஓம்."

"இது சற்றலைற் றேடியோ. இதின்ரை சற்றலைற் அமெரிக்காவுக்கு மேலை நிக்குது. இஞ்சை பிரான்சிலை இதுக்கு ஒண்டும் கேக்காது. இதை நான் பூட்டினாலும் சும்மா ஒரு பொம்மை மாதிரித்தான் இருக்கும்."

நான் அதோடு விடவில்லை, கையால் உருண்டை காட்டி விளக்கம் சொன்னேன், பூமி வளைந்துபோவதால் அந்தச் செயற்கைக்கோள் எங்களுக்கு அடிவானத்துக்குக் கீழே என்று. அதற்கு மேல் மாதச் சந்தா கட்டினால்தான் வேலை செய்யும், அது கட்டியிருக்க மாட்டார்கள் என்றும் சொன்னேன். பேசாமல் இங்குள்ள டிஜிட்டல் ரேடியோ ஒன்று பூட்டலாம், தெளிவாகக் கேட்கும் என்றும் சொல்லிப்பார்த்தேன். அக்கா பொறுமையாகக் கேட்டுக்கொண்டு நின்றார்.

"தெரியும் தம்பி. போன் கடையிலையும் சொன்னவை. வேலை செய்யாட்டிலும் பறவாயில்லை. லைற் எரியுமோ?"

"லைற் எரியும்."

"அது காணும்."

அது போதும் என்று அவர் சொன்ன விதத்தில் அதற்கு மேல் ஒன்றும் கேட்கத் தோன்றவில்லை. யாருடைய சாமான் என்று நான் கேட்கவில்லை, அவரும் சொல்லவில்லை. இதைக் கவனத்தில் வைத்துக்கொள்ளுங்கள். அந்த நேரம்வரை எனக்கு ஒன்றும் தெரியாது.

வேலை பெரிய வேலையில்லை. பியூஸ் பெட்டியிலிருந்து மின்சாரம் எடுத்து, சாவியைத் திருப்பினால் எரியும்படி செய்தேன். தொட்டிலை ஸ்டியரிங்குக்கு வலப்பக்கமாக ஒட்டினேன். சத்தம் காரின் ஸ்பீக்கரில் வருவதற்காக, ரேடியோவிலிருந்து ஒரு சின்ன வயரைக் காரில் முன்பே இருந்த பழைய ஸ்டீரியோவின் துளையில் செருகினேன். அன்ரெனாவை மட்டும் பூட்டவில்லை. கூரை மழையில் ஊறிப்போய் இருந்தது, காந்தத்தை வைப்பதற்கு முன் துடைத்துக் காயவிடவேண்டும், வயரைக் கதவின் ரப்பருக்குள்ளால் இழுக்கவேண்டும், அது கடைசி வேலை. ஆகவே அன்ரெனா வயரோடு சுருட்டியபடி சப்பாத்துப் பெட்டிக்குள்ளேயே கிடந்தது. பெட்டி பின் இருக்கையில். ரேடியோவின் பின்புறத்தில் அன்ரெனா செருகுகிற துளை வெறும் துளையாக இருந்தது. நானே என் கண்ணால் பார்த்தது.

"அக்கா, ஏறி இருந்து சாவியைத் திருப்புங்கோ, லைற் எரியுதோ எண்டு பாப்பம்" என்றேன். நான் மற்றப் பக்கத்துக் கதவைத் திறந்துவைத்துக்கொண்டு, பாதி உடம்பு காருக்கு உள்ளே, பாதி வெளியே, கையில் டோர்ச்சோடு குந்தியிருந்தேன். அக்கா சாவியைத் திருப்பினார். நீல வெளிச்சம் வந்தது. சின்னத் திரையில், தேடுகிறது, தேடுகிறது என்று ஆங்கிலத்தில் ஓடி, பிறகு சிக்னல் இல்லை என்று நின்றது. நான் எதிர்பார்த்ததுதான். அக்கா அந்த வெளிச்சத்தில் விரலை வைத்துத் தடவினார். அவரின் முகத்தைப் பார்க்கக் கூச்சமாக இருந்தது, நான் வயர்களை ஒதுக்குவதுபோலக் கீழே குனிந்துகொண்டேன்.

அப்போதுதான் ஸ்பீக்கர் இரைந்தது.

இந்த இடத்தில் ஒன்று சொல்லவேண்டும். இந்த வகை ரேடியோ இரையாது. கேட்டால் சுத்தமாகக் கேட்கும், இல்லையென்றால் மௌனம், நடுவில் ஒன்றும் கிடையாது. ஆனால் அது இரைந்தது, பழைய காலத்து ரேடியோவில் முள்ளைத் திருப்பித் திருப்பி நிலையம் தேடும்போது வருமே, கடல்போல ஒரு இரைச்சல், அதுபோல. நான் என் வயர் எங்கோ உரசுகிறது என்றுதான் நினைத்தேன். கையை நீட்டி அதைப் பிடித்தேன். இரைச்சல் அடங்கியது. அடங்கிய இடத்தில் ஒரு ஆணின் குரல் தமிழில் கேட்டது.

"வணக்கம். இணைப்பிலை இருக்கிறது ஆர்? கதையுங்கோ."

எங்கள் ஆட்களின் ரேடியோவில் நேயர்களைப் பேசவிடும் நிகழ்ச்சிகளை நீங்கள் கேட்டிருப்பீர்கள். வாழ்த்துச் சொல்ல, பாட்டுக் கேட்க ஆட்கள் போன் எடுப்பார்கள், அறிவிப்பாளர் கொஞ்சம் திருத்தமான தமிழும் கொஞ்சம் வீட்டுத் தமிழும் கலந்து பேசுவார். அதே மாதிரியான குரல், சாந்தமான, அவசரமில்லாத குரல். நானும் அக்காவும் ஒருவரையொருவர் பார்த்தோம். எனக்கு முதலில் வந்தது சிரிப்புத்தான். ஏதோ ஒரு தமிழ் ரேடியோ எப்படியோ உள்ளே வந்துவிட்டது, அக்காவுக்கு அதிர்ஷ்டம் என்று நினைத்தேன்.

"வணக்கம். ஆர் கதைக்கிறது எண்டு சொல்லுங்கோ" என்று மறுபடி கேட்டது.

போன் எடுத்தவர் பதில் சொல்லவில்லைப்போல. அந்த நிகழ்ச்சிகளில் அது வழக்கம்தானே, ஆட்கள் போனையும் பிடித்துக்கொண்டு வீட்டு ரேடியோவையும் உச்சத்தில் வைத்துக்கொண்டு தங்கள் குரலைத் தாங்களே கேட்டுத் திகைத்துப்போய் நிற்பார்கள். அறிவிப்பாளர் பாவம், ஒவ்வொரு நாளும் அதையே சொல்லவேண்டியிருக்கும். இவரும் சொன்னார்.

"உங்கடை றேடியோவின்ரை சத்தத்தைக் கொஞ்சம் குறைச்சுப்போட்டுக் கதையுங்கோ."

அக்கா கையை நீட்டிச் சத்தத்தைக் குறைத்தார். ஏன் அப்படிச் செய்தீர்கள் என்று நான் பிறகு கேட்டேன், தனக்கே தெரியாது, கை தானாகப் போனது என்றார். ஒருவர் சொன்னால் செய்கிற பழக்கம், வேறொன்றுமில்லை. குமிழைத் திருகினார், குரல் மெலிந்தது.

"ஆ, நன்றி. இப்ப தெளிவாக் கேக்குது" என்றது ஸ்பீக்கர்.

நம்பினால் நம்புங்கள், விட்டால் விடுங்கள், நாங்கள் சத்தத்தைக் குறைத்தது அந்தக் குரலுக்குத் தெரிந்திருந்தது. எனக்குத் தெரிந்த ஒன்றே ஒன்று என்னவென்றால், ரேடியோ பெட்டிக்கு வாய்தான் உண்டு, காது இல்லை. இந்தப் பெட்டியில் மைக் கிடையாது. காரின் பழைய ஸ்டீரியோவிலும் கிடையாது. நான் அக்காவைப் பார்த்துத் தலையை ஆட்டினேன், வேண்டாம் என்று சொல்வதுபோல. ஆனால் அவர் என்னைப் பார்க்கவில்லை.

"நான் புவனா கதைக்கிறன்" என்றார். "பாரிசிலை இருந்து."

"புவனா. ஓம், ஓம். வணக்கம்." பத்திரத்தில் பெயர் சரிபார்க்கிறவர்போல ஒரு நிதானம். "உங்களுக்கு ஒரு நேயர் கனநேரமா இணைப்பிலை நிக்கிறார். குடுக்கட்டோ?"

அக்காவின் இரண்டு கையும் ஸ்டியரிங்கைப் பிடித்திருந்தன. அவருக்கு யார் என்று தெரிந்துவிட்டது என்பது எனக்கு அந்த நேரத்தில் விளங்கவில்லை. எனக்கு விளங்கியதெல்லாம், அவர் பயப்படவில்லை என்பது. நான்தான் பயந்தேன்.

"குடுங்கோ" என்றார்.

ஒரு கிளிக். பிறகு வேறொரு இடத்தின் சத்தம் வந்தது. அதை எப்படிச் சொல்வது, ரேடியோவில் ஒரு அறைக்குள்ளிருந்து பேசினால் ஒரு மாதிரி, தெருவில் நின்று பேசினால் ஒரு மாதிரி இருக்குமல்லவா. இது வாகனத்துக்குள். வண்டி நகராமல் நிற்க, பெரிய எஞ்சின் ஒன்று உறுமிக்கொண்டிருந்தது. கார் இல்லை, லொறி. அதோடு டிக், டிக், டிக் என்று சிக்னல் விளக்கின் சத்தம். கார் சிக்னலுக்கும் பாரவாகனத்தின் சிக்னலுக்கும் வித்தியாசம் எனக்குக் காதால் தெரியும், என் தொழில் அது. தூரத்தில் வாகனங்கள் வேகமாகக் கடந்துபோயின. யாரோ மூச்சை இழுத்து இழுத்து விட்டார்கள். ஒருமுறை இருமினார்கள்.

அக்கா மிக மெதுவாக, "அண்ணை?" என்றார்.

டிக், டிக், டிக்.

"பிள்ளை" என்றது அந்தக் குரல்.

நான் வயரைப் பிடுங்கினேன்.

யோசித்துச் செய்தேன் என்று சொல்லமாட்டேன். வீரத்தில் செய்ததும் இல்லை. என் கைக்கு எட்டிய இடத்தில் மின்சார வயர் இருந்தது, அதை ஒரே இழுவையில் பிடுங்கிவிட்டேன். நீல வெளிச்சம் அணைந்தது. அக்கா என் பக்கம் திரும்பினார். கத்துவார் என்று நினைத்தேன். கத்தவில்லை.

"ஏன் தம்பி கழட்டினனீங்கள்?" என்று மட்டும் கேட்டார். ஒரு குழந்தை கேட்பதுபோல.

அவர் கதவைத் திறந்து இறங்கி, நாலைந்து தூண் தள்ளிப் போய், முகத்தைச் சுவர்ப் பக்கம் திருப்பிக்கொண்டு நின்றார்.

கொஞ்ச நேரத்தில் திரும்பி வந்து, "போட்டுவிடுங்கோ" என்றார். போட்டேன். வெளிச்சம் வந்தது. தேடுகிறது, தேடுகிறது. சிக்னல் இல்லை. அக்கா சத்தத்தை உச்சத்துக்குக் கூட்டினார். குறைத்தார். "வணக்கம்" என்று சொல்லிப்பார்த்தார். "நான் புவனா கதைக்கிறன், அவர் இன்னும் நிக்கிறாரோ?" என்று கேட்டார். அரைமணி நேரம் அப்படியே அதன் முன்னால் இருந்தார், நான் பக்கத்தில் குற்றவாளிபோல நின்றேன். பிறகு அன்ரெனாவையும் பூட்டி, காரை மேலே தெருவுக்கு எடுத்து வந்து பார்த்தோம். மழை விட்டிருந்தது. திறந்த வானம். சிக்னல் இல்லை.

மெட்ரோ மேம்பாலத்துக்குப் பக்கத்தில் காரை ஓரமாக நிறுத்திவிட்டு அவர் எனக்குச் சொன்னார். தலைக்கு மேலே ரயில் போகும்போதெல்லாம் கதையை நிறுத்தி, அது போனதும் தொடர்ந்தார்.

அந்த ரேடியோ அவரின் அண்ணனுடையது. கனடாவில் லொறி ஓட்டியவர், கல்யாணம் செய்யாதவர். அம்மா சார்செலில் அக்காவோடு இருந்து இறந்தபோது, கொள்ளி வைக்க வருவேன் என்று சொன்ன அண்ணன் வரவில்லை. அங்கே அவருக்கு வதிவிடப் பத்திரம் கிடைத்திருக்கவில்லை, வெளியே போனால் திரும்பி உள்ளே விடமாட்டார்கள். அதைச் சொல்ல வெட்கப்பட்டு, வருகிறேன் வருகிறேன் என்று கடைசி மணித்தியாலம்வரை சொல்லிவிட்டு வராமல் நின்றுவிட்டார். அக்கா அன்று போனில், "எனக்கு இனி அண்ணன் எண்டு ஒராள் இல்லை" என்று சொல்லிவிட்டார். ஏழு வருடம் இரண்டு பேரும் பேசவில்லை. உண்மைக் காரணம் தெரிந்த பிறகும் அக்கா பேசவில்லை. "தெரிஞ்ச பிறகுதான் தம்பி கூடக் கஷ்டமாப் போச்சு, என்ன எண்டு தொடங்குறது?" என்றார்.

அந்தச் செவ்வாய்க்கிழமைக்கு நான்கு மாதத்துக்கு முன், ஐப்பசியில் ஒருநாள் பின்னேரம், கடையில் கல்யாணக்காரருக்குக் கூறைப்புடவை விரித்துக் காட்டிக்கொண்டிருந்தபோது கனடா நம்பரிலிருந்து அழைப்பு வந்தது. அக்கா பார்த்தார். போனைக் கவிழ்த்து வைத்தார். மறுபடி வந்தது. மூன்றாம் தடவையும் வந்தது. வீட்டுக்குப் போய் எடுப்போம் என்று நினைத்திருந்தாராம். வீட்டுக்குப் போகுமுன்பே செய்தி வந்துவிட்டது. நெஞ்சுவலி. பெருந்தெருவில் லொறியை ஒழுங்காக ஓரங்கட்டி, மற்ற வாகனங்களுக்குத் தெரியவேண்டும் என்று சிக்னலும் போட்டிருக்கிறார். பொலிஸ் வந்து கண்ணாடியைத் தட்டியபோது எஞ்சின் ஓடிக்கொண்டிருந்ததாம், சிக்னல் எரிந்துகொண்டிருந்ததாம், போன் கையில் இருந்ததாம். அவரோடு ஒரே அறையில் இருந்த நண்பர்தான் சாமான்களைப் பெட்டிகட்டி அனுப்பியவர். அதற்குள் இந்த ரேடியோ இருந்தது.

நான் கேட்ட டிக் டிக் சத்தத்தை அப்போது அவரிடம் சொல்லவில்லை. சொல்லத் தேவையும் இல்லை, அவரும் கேட்டார்தானே. ஆனால் ஒன்று, அவருக்கு முன்பே அந்த விபரமெல்லாம் தெரியும், ஆகவே மனம் கற்பனை செய்தது என்று யாரும் சொல்லலாம். எனக்கு ஒன்றும் தெரியாது. தெரியாத நான் லொறி என்றும் சிக்னல் என்றும் எப்படிக் கேட்டேன்?

அதற்குப் பிறகு நான் செய்யாத ஆராய்ச்சி இல்லை. எங்கள் இரண்டு பேரின் போனும் கீழே செத்துக்கிடந்தன என்பது எனக்கு நிச்சயம், ஆனாலும் அக்காவின் போனை வாங்கிப் பார்த்தேன், அது புளூடூத்தில் எதோடும் இணைந்திருக்கவில்லை. இணைய முடியாது, அந்தக் கார் ஸ்டீரியோவில் அந்த வசதியே கிடையாது. அடுத்த ஞாயிற்றுக்கிழமை என்னுடைய காரில் வேறொரு ரேடியோவைப் பூட்டிக்கொண்டு அதே கீழ்மூன்றாம் தளத்துக்குப் போய் அதே இடத்தில் நிறுத்தி இரண்டு மணித்தியாலம் இருந்தேன். பார்க்கிங் காவலாளி வந்து என்ன செய்கிறீர்கள் என்று கேட்டதுதான் மிச்சம். ரேடியோ வேலை தெரிந்த ஒருவரிடம் குரலைப்பற்றி, நிகழ்ச்சியைப்பற்றி விசாரித்தேன். செவ்வாய்க்கிழமை காலையில் அப்படி நேயர்களை இணைக்கிற நிகழ்ச்சி தமிழில் தனக்குத் தெரிந்து எங்கும் இல்லை என்றார். கடைசியில் ஏன் கேட்கிறாய் என்றார். சும்மா என்றேன்.

அக்காவுக்கு முகம் கொடுக்க முடியாமல் லா சப்பல் பக்கம் போவதையே குறைத்துக்கொண்டேன். சாமான் வாங்கவேண்டுமென்றால் மனைவியை அனுப்பினேன். ஏழு வருடமாக ஒரு பெண் கேட்காமல் இருந்த குரல், அதில் ஒரே ஒரு சொல் வந்ததும் நான் வயரைப் பிடுங்கிவிட்டேன். இது ஒரு சின்ன விசயம் இல்லை. நான் பிடுங்காமல் விட்டிருந்தால் அவர் என்ன சொல்லியிருப்பார், இவர் என்ன சொல்லியிருப்பார் என்று வேலையில், ரயிலில், சாப்பிடும்போது எல்லாம் அதே யோசனை.

ஒன்றரை வருடம் கழித்து என் மைத்துனரின் வீட்டுக் கல்யாணம் வந்தது. நான் மறுத்தும் மனைவி கேட்கவில்லை, அந்தப் புடவைக் கடைக்குத்தான் போகவேண்டும் என்று இழுத்துக்கொண்டு போய்விட்டாள். புவனா அக்கா நின்றார். மனைவி புடவை பார்த்துக்கொண்டிருக்கும்போது என்னை ஓரமாகக் கூப்பிட்டார். நான் மன்னிப்புக் கேட்கத் தொடங்கினேன், கையைக் காட்டி நிறுத்திவிட்டார்.

"தம்பி, நீங்கள் உதை மனசிலை வைச்சிருக்கிறியள் எண்டு எனக்குத் தெரியும். அதுதான் இஞ்சாலை வாறேல்லை. ஒண்டு சொல்லுறன் கேளுங்கோ. அண்ணைக்கு என்னிலை கோவமெண்டால் புவனேஸ்வரி எண்டு முழுப்பேர் சொல்லித்தான் கூப்பிடுவார். சின்னனிலை இருந்து அப்பிடித்தான். கோவமில்லை எண்டால்தான் பிள்ளை எண்டு சொல்லுவார்." என் பக்கம் இன்னும் நெருங்கி, "பிள்ளை எண்டுதானே சொன்னவர்? நீங்களும் கேட்டனீங்கள்தானே?" என்று கேட்டார்.

"ஓம் அக்கா. பிள்ளை எண்டுதான் சொன்னவர்."

"அது காணும் தம்பி."

அந்த ரேடியோ இன்னும் காரில்தான் இருக்கிறதாம். சாவியைத் திருப்பினால் வெளிச்சம் வருகிறதாம். அதற்கு மேல் ஒன்றும் இல்லை. அவர் நிம்மதியாக இருந்தார். அதைப் பார்த்த பிறகு எனக்கும் பாதி பாரம் இறங்கியது. கதை இதோடு முடிந்திருந்தால் நான் இதை ஒரு நல்ல கதை என்றே உங்களுக்குச் சொல்லியிருப்பேன்.

ஆனால் ஒரு பகுதியை நான் அக்காவுக்குச் சொல்லவில்லை. மனைவிக்கும் சொல்லவில்லை. இப்போது உங்களுக்குத்தான் சொல்கிறேன்.

நான் வயரைப் பிடுங்கினேன், அக்கா இறங்கிப்போய்ச் சுவர்ப் பக்கம் திரும்பி நின்றார் என்று சொன்னேன் அல்லவா. அந்த நேரத்தில் நான் காருக்குள் குந்தியபடிதான் இருந்தேன். பிடுங்கிய வயர் என் கையில் இருந்தது. ரேடியோவின் திரை இருண்டு கிடந்தது. சாவி திருப்பியபடி இருந்ததால் காரின் பழைய ஸ்டீரியோ மட்டும் எரிந்துகொண்டிருந்தது, அதற்குள் எதுவும் வருவதற்கு வழியில்லை. அப்போது ஸ்பீக்கரில், அந்த முதல் குரல், அறிவிப்பாளரின் குரல், அதே சாந்தத்தோடு, எனக்கு மட்டும் கேட்கிற அளவில் பேசியது.

"தம்பி, ஏன் அவசரப்பட்டனீங்கள்? உங்களுக்கும் ஒராள் இணைப்பிலை நிக்கிறா. பறவாயில்லை. அவ நிப்பா."

அவ்வளவுதான். பிறகு மௌனம்.

அன்று வீட்டுக்குப் போகுமுன்பே ஒவ்வொருவருக்காகப் போன் எடுத்தேன். ஊரில் அம்மா, கோப்பி குடித்துக்கொண்டிருந்தார். மனைவி வேலையில் இருந்தாள். தங்கச்சி லண்டனில், மத்தியானச் சமையலில் நின்றாள். மகள் வகுப்பில் இருக்கிறேன் என்று பிரெஞ்சில் செய்தி அனுப்பினாள். எல்லாரும் சுகம். இன்றைக்கும், நான் இதைச் சொல்லிக்கொண்டிருக்கிற இந்த நிமிடத்திலும், நான்கு பேரும் சுகம். எனக்கு நெருங்கிய பெண்களில் ஒருவரும் இதுவரை இறந்ததில்லை.

அந்த அறிவிப்பாளர், ஆணைச் சொல்வதுபோல, ஒராள் "நிக்கிறார்" என்று சொல்லியிருந்தால் எனக்கு ஒன்றும் இல்லை. அப்பா போய்ப் பத்து வருடமாகிறது, அவராக்கும் என்று நினைத்து ஆறுதலாக இருந்திருப்பேன். எத்தனையோ தடவை நினைவைத் திருப்பித் திருப்பிக் கேட்டுப் பார்த்துவிட்டேன், எனக்குத்தான் பிழையாகக் கேட்டதோ என்று. இல்லை. அவர் "நிக்கிறா" என்றுதான் சொன்னார்.